அலமாரி வாங்கினால் தையல் அறை அடங்குமா?

கேள்வி: மலேசியா, தைப்பிங் வாசகி, 2 ஆகஸ்ட் 2025

வீட்டின் பின்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். ஆரி ஊசியால் பூவேலை செய்கிற ஆரி வேலையும் உண்டு. கல்யாண மாதங்களில் சீர்வரிசைத் தட்டு அலங்கரித்துக் கொடுப்பேன். இப்போது அறையில் கால் வைக்க இடமில்லை. இந்த வருடம் மட்டும் 30 பிளாஸ்டிக் டப்பா வாங்கியிருக்கிறேன், ஒன்றும் மாறவில்லை. சுவர் முழுக்க ஒரே அலமாரியாக அடித்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றுகிறது. ஆசாரி 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். செய்யலாமா?

3 ஆகஸ்ட், ஞாயிறு

இப்போது செய்யாதீர்கள்.

சுங்கை சிப்புட்டில் தரைவீட்டின் பின்னறையில் 22 வருடமாகத் தைக்கிறேன். 2016-இல் நானும் இதே போல் சுவரளவு அலமாரி அடித்தேன். மூன்றே மாதத்தில் அது நிறைந்துவிட்டது, தரை பழையபடி ஆகிவிட்டது. கதவு இருந்ததால் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் மறந்துபோனது. ஒருநாள் எல்லாவற்றையும் ஹாலில் பாய் விரித்துக் கொட்டினேன். ஒரே பச்சை நிற நூல் 7 உருண்டை இருந்தது. ஒவ்வொரு முறையும் கிடைக்காமல் புதிதாக வாங்கியவை. கத்தரிக்கோல் நான்கு. பாதி தைத்து நின்றுபோன ஜாக்கெட் 11.

அந்த 11 என்ற எண்தான் என்னை உட்கார வைத்தது. அறை நிறைந்து கிடந்ததற்குச் சாமான் அதிகம் என்பது மட்டும் காரணமில்லை, முடியாத வேலை அதிகம். அலமாரிக்குள் வைத்துப் பூட்டினால் அது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொட்டுங்கள். ஆசாரியிடம் தீபாவளி கழித்துப் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அதே நாள், இரவு

எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்தது இது: மணி எல்லாம் ஓரிடம், நூல் ஓரிடம், லேஸ் ஓரிடம், கொக்கி பட்டன் ஓரிடம். டப்பா மூடியில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதினேன். ஒரே வகைச் சாமான் ஒன்றாக இருந்தால் எத்தனை இருக்கிறது என்பது தெரியும், இரண்டாவது முறை வாங்க மாட்டோம்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

எத்தனை நாள் ஆகும்? எனக்கு இரண்டு ஞாயிறு ஆனது. நடுவில் ஹாலில் கிடந்த குவியலைப் பழைய நூல் சேலையால் மூடிவைத்தேன். பிளாஸ்டிக் மழைத்தாள் போட்டு மூடாதீர்கள், அடியில் வியர்க்கும்.

9 ஆகஸ்ட், சனி

மூடியில் எழுதச் சொன்னேன் அல்லவா, அதை மாற்றிக்கொள்ளுங்கள். நேற்று என் மருமகள் அவசரத்தில் நான்கு டப்பாவைத் திறந்து மூடினாள். மூடிகள் இடம் மாறிவிட்டன. "தங்க மணி" என்று எழுதியதைத் திறந்தால் பிரஸ் பட்டன் இருக்கிறது. டப்பாவின் பக்கவாட்டில் எழுதுங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினாலும் பக்கவாட்டுதான் கண்ணில் படும்.

ஊசிக்கும் இதே கதைதான். பழைய ஊசியையும் புதிய ஊசியையும் ஒரே பஞ்சு மெத்தையில் குத்திவைத்தால் எது 11-ஆம் எண், எது 14-ஆம் எண் என்று வெறும் கண்ணால் தெரியாது. நான் மெத்தையை நான்கு பங்காகக் கோடு போட்டு 9, 11, 14, 16 என்று எழுதிவிட்டேன். மெல்லிய பட்டுக்கு 9 அல்லது 11, காட்டனுக்கு 14, தடித்த திரைத்துணிக்கு 16. ஒடிந்த ஊசி, காலி மருந்துப் பாட்டிலுக்குள் போய்விடும், மூடி இறுக்கமாக இருக்கும். பேரன் தவழ்கிற வீட்டில் இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். முதல் நாள் நான் சொன்னதில் பாதியைத் திருத்துகிறேன்.

வகைவாரியாகப் பிரிப்பது கையிருப்புக்குச் சரி. ஆனால் நடந்துகொண்டிருக்கும் வேலைக்கு அது உதவாது என்று இந்த இரண்டு வாரத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு மெரூன் பட்டு ஜாக்கெட் எடுத்தேன். துணி ஒரு டப்பாவில், லைனிங் இன்னொன்றில், நூல் நூல் டப்பாவில், கொக்கி கொக்கி டப்பாவில், அளவு ஜாக்கெட் எங்கோ. ஐந்து டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்தேன். பாதியில் தொலைபேசி வந்தது, இன்னொருவர் அவசரம் என்றார், அவருடைய வேலைக்கு இன்னும் ஐந்து டப்பா. மாலைக்குள் மேசையில் பத்து டப்பாவும் இரண்டு பாதி ஜாக்கெட்டும். எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. பாதியில் நிற்கிற வேலைக்கு மட்டும் இடம் இல்லை.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பிறகு தன் நிரைக்கு, தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்குப் போவார். சிறுமியாக இருந்தபோது நானும் கூடப் போயிருக்கிறேன். பால் பிடிக்கும் மங்கு எல்லாம் அந்தந்த மரத்திலேயே கம்பியில் இருக்கும். வேலை முடிந்தால் கவிழ்த்துவைப்பார், மறுநாள் நிமிர்த்துவார். மங்குகளை எல்லாம் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கிவைத்தவர் யாரும் இல்லை. வேலை எங்கே நடக்கிறதோ அங்கேதான் சாமான். இது எனக்கு இத்தனை வருடம் கழித்து, மேசை முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

அதனால் இப்போது ஒரு ஆர்டருக்கு ஒரு பை. துணி, லைனிங், நிறம் பார்த்து எடுத்த நூல், கொக்கி, அளவு ஜாக்கெட், அளவு எழுதிய சீட்டு, எல்லாம் அதே பைக்குள். பாதியில் நிறுத்தினால் வேலையும் அந்தப் பைக்குள் போய்விடும். வீட்டுக்காரர் சுவரில் ஒரு இரும்புக் குழாய் மாட்டிக் கொடுத்தார். அதில் 12 ஹேங்கர், ஹேங்கருக்கு ஒரு பை. கொடுக்க வேண்டிய தேதி பையின் வெளியே தொங்கும், முந்திய தேதி இடது ஓரம்.

12 ஹேங்கர் என்றால் 12 வேலை. பதின்மூன்றாவதாக யார் வந்தாலும், ஒரு பை இறங்கிய பிறகுதான். இதை எழுதும்போதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

18 ஆகஸ்ட், திங்கள்

பை என்றதும் கடைப் பிளாஸ்டிக் பையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்தில் போடுகிற வலைப்பை, ஜிப் வைத்தது. உள்ளே இருப்பது வெளியே தெரியும், காற்றும் போகும். பெரிய அளவில் 12 வாங்கினேன். முடிந்தால் நீங்களே பழைய கொசுவலையில் தைத்துக்கொள்ளலாம், நாம் தைக்கிறவர்கள்தானே.

24 ஆகஸ்ட், ஞாயிறு

துணி டப்பாவில் பூச்சிக்கு உருண்டை போடலாமா என்று ஈப்போ தங்கை கேட்டார். உபாட் கெகாட் என்று விற்கிற அந்த வெள்ளை உருண்டைதானே. நானும் பல வருடம் போட்டேன். என் பதிலை எழுதுமுன் பக்கத்து வீட்டு மிஸ்ஸி (நர்ஸ்) அக்காவிடம் கேட்டது நல்லதாகப் போயிற்று. அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் சொன்னது: அந்த உருண்டைகளில் சிலவற்றில் நாப்தலின் இருக்கும். ஜி6பிடி என்பது இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி, அது பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு நாப்தலின் வாடை பட்டால் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரலாம், கடுமையாகவும் வரலாம். நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடனே தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிப்பது அதற்காகத்தான். குழந்தைத் துணியோடு இந்த உருண்டையை வைக்கக்கூடாது என்று தாய்மார்களிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறாராம்.

நாம் தைப்பதோ தொட்டில் துணி, முதல் பிறந்தநாள் பட்டுப்பாவாடை. யார் வீட்டுக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அன்றைக்கே என் அறையில் இருந்த உருண்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அந்த உருண்டை சில வகைப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். என் பட்டன் டப்பா ஒன்றின் அடி ஏன் பிசுபிசுத்துக் கிடந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு பூச்சிக்கு என்ன வழி? கெகாட் என்கிற, துணி அரிக்கும் பூச்சிக்குக் கஞ்சிப்பசையும் காகிதமும் பிடிக்கும். அதனால் கஞ்சி போட்ட துணியைத் துவைத்துக் கஞ்சி நீக்கிய பிறகே அடுக்குங்கள். காகித அளவுப் படிவங்களைத் துணியோடு வைக்காதீர்கள். கடையில் இலவசமாகத் தருகிற அட்டைப்பெட்டிகளை அறைக்குள் விடாதீர்கள், கரப்பான் முட்டையோடு வரும். மாதம் ஒருமுறை டப்பாவைத் திறந்து துணியை உதறி மடியுங்கள். அம்மா காய்ந்த வேப்பிலை வைப்பார், நானும் வைக்கிறேன், ஆனால் உதறி மடிப்பதுதான் என் கண்ணில் பலன் தந்தது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

ஜரிகை நூல், ஜரிகை பார்டர் வைத்திருப்பவர்கள் இதைப் படியுங்கள்.

ஈப்போ லிட்டில் இந்தியாவில் வாங்கிய ஜரிகை பார்டர் 6 மீட்டர். சுருட்டி, நடுவில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தேன். நேற்று எடுத்தால், பேண்டு இருந்த இடத்தில் சுற்றுக்குச் சுற்று கறுப்புக் கோடு. துடைத்தால் போகவில்லை. ரப்பரை உறுதிப்படுத்தக் கந்தகம் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். அந்தக் கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும். அசல் ஜரிகையில் அந்த இரண்டும் இருக்கும். ரப்பர் உலர்த்தும் ஸ்டோரின் புகை படிந்த தோட்டத்தில் வளர்ந்தவள் நான், எனக்கே இது தோன்றவில்லை. நம் வெக்கையில் ரப்பர் பேண்டு இளகி ஒட்டிக்கொள்ளும் தொல்லை வேறு.

இனி துணி நாடாவால்தான் கட்டுகிறேன். வெட்டுத்துண்டிலேயே நாடா கிடைக்கிறது. ஜரிகையை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிவைத்தால் போதும்.

அந்த 6 மீட்டரில் கோடு விழாத பகுதிகளை வெட்டி நான்கு சீர்வரிசைத் தட்டுக்கு ஓரம் வைத்தேன், நன்றாகவே வந்தது.

7 செப்டம்பர், ஞாயிறு

தைப்பிங் வாசகி கேட்டது: "தூக்கிப்போட மனமில்லாத சாமானை என்ன செய்வது?"

முதலில் வெட்டுத்துண்டு. என் கணக்கு, விரித்த உள்ளங்கையைவிடச் சிறியதாக இருந்தால் வைப்பதில்லை. வெள்ளைப் பருத்தித் துண்டு மட்டும் விலக்கு, அது கோயிலுக்கு விளக்குத் திரியாகப் போகிறது. நடுத்தரத் துண்டுகளைப் பள்ளி விடுமுறைக்கு முன் ஒரு பை கட்டித் தமிழ்ப்பள்ளி ஆசிரியையிடம் கொடுப்பேன், கைவேலை வகுப்புக்கு. பெரிய துண்டுகளை நிறம் பார்த்து மடித்து ஒரே ஒரு டப்பாவில் வைக்கிறேன். டப்பா நிறைந்தால் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் எங்களுக்கு இருந்த போர்வை எல்லாம் அம்மா ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான். வெளுத்துப்போன வேலைச் சட்டை, அப்பாவின் கைலி, என் பள்ளிச் சீருடை என்று அதில் யார் துணி எங்கே இருக்கிறது என்று தொட்டே சொல்வோம்.

அம்மாவின் பிஸ்கட் டின் ஒன்றை இந்த முறைதான் முழுதாகக் கொட்டிப் பார்த்தேன். மளிகைக்கடையில் எடைபோட்டு விற்பார்களே, அந்தச் சதுர டின். கீழே பட்டன்களுக்கு அடியில் பிளாஸ்டிக்கில் மடித்து தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம் இருந்தது. இந்த ஊரில் 1919-இல் பிறந்த, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளரே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று தொடங்கினார்கள். அம்மா மாதாமாதம் கட்டியிருக்கிறார். கட்டிய கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே டின்னைக் கொட்டாமல் தூக்கிப்போடாதீர்கள். புத்தகம் இப்போது வீட்டுப் பத்திரங்களோடு இருக்கிறது. பட்டன் பட்டன் டப்பாவுக்குப் போனது. டின்னில் கத்தரிக்கோல்கள் இருக்கின்றன.

16 செப்டம்பர், செவ்வாய்

மலேசிய தினம், விடுமுறை. மேசை பற்றி எழுத நேரம் கிடைத்தது.

அம்மாவும் நானும் தரையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்துதான் வெட்டிப் பழகினோம். முழங்கால் இப்போது விடுவதில்லை. நின்று வெட்டுகிற மேசை 36 அங்குல உயரம் இருந்தால் குனிய வேண்டாம். தையல் இயந்திரத்தின் மேசை 28 முதல் 30 அங்குலம். இரண்டையும் ஒரே மேசையில் செய்யப் பார்த்ததுதான் என் முதுகு வலிக்குக் காரணம். வெட்டும் மேசைக்குப் பழைய பலகைக் கதவு ஒன்றை இரண்டு குட்டி இழுப்பறை அலமாரிகளின்மேல் போட்டோம். கதவின் அகலம் 32 அங்குலம், சேலைத்துணியை நான்காக மடித்து விரிக்கப் போதும்.

வெட்டும் மேசையில் இரவு எதுவும் இருக்கக்கூடாது. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே பாதி அறை அடங்கிவிடும்.

விளக்கு. மஞ்சள் பல்புக்கு அடியில் மெரூனும் காப்பிப்பொடி நிறமும் ஒன்றாகத் தெரியும். ஒருமுறை மெரூன் ஜாக்கெட்டை முழுக்கக் காப்பிப்பொடி நூலில் தைத்துவிட்டு விடிந்த பிறகு பார்த்து, அத்தனை தையலையும் பிரித்தேன். பல்பு வாங்கும்போது பெட்டியில் 6500 கே, டேலைட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். வலது கைக்காரர்கள் இடது பக்கம் வையுங்கள், கையின் நிழல் தையல்மேல் விழாது.

சுவரில் துளைப்பலகை அடித்துக் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் மாட்டியிருக்கிறேன் என்று படத்தோடு ஒருவர் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே கட்டை வைத்து இடைவெளி விட்டீர்களா? இல்லாவிட்டால் கொக்கி உள்ளே நுழையாது, சுவர் ஈரமும் பலகையில் ஏறும். நானும் மாட்டிப் பார்த்தேன். என் ஜன்னல் சாலையைப் பார்த்தது, செம்பனைக்குலை லாரி போகிற சாலை. ஒரு வாரத்தில் எல்லாவற்றிலும் தூசி, கத்தரிக்கோலில் துரு. அதனால்தான் டின். இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு துணியில் தொட்டு வாரம் ஒருமுறை துடைக்கிறேன்.

27 செப்டம்பர், சனி

மழை பிடித்துவிட்டது. நம் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பரில்தான் அதிக மழை. தீபாவளித் துணி குவிகிறதும் அப்போதுதான்.

ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று. நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் மாதச் சராசரியாகவே 70 முதல் 90 விழுக்காடு. 70-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெளிச்சுவரை ஒட்டி அலமாரியை வைத்தால் பின்பலகையில் பூஞ்சை ஏறும். என் 2016 அலமாரி போனது அப்படித்தான். எதை வைத்தாலும் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி வையுங்கள். தரையிலிருந்தும் தூக்குங்கள்.

இறுக்க மூடும் டப்பாவில் வைக்கிற துணி முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சூட்டோடு உள்ளே வைக்காதீர்கள், நீராவி இருக்கும், ஆறவிடுங்கள். காலணிப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா பொட்டலம் உதவும், ஆனால் அது ஈரம் குடித்து நிறைந்த பிறகு வெறும் பொட்டலம்தான்.

அரிசிக் கோலம் போடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். சாயம் ஏற்றிய அரிசியை நிழலில் இரண்டு நாளாவது உலர்த்துங்கள். கையில் எடுத்தால் சலசலவென்று கொட்ட வேண்டும். ஐஸ்கிரீம் டப்பாவில் நிறத்துக்கு ஒன்றாக வைத்து, இரண்டு காய்ந்த மிளகாய் போடுகிறேன். வண்டு வந்தாலும் அரிசிக்கு மட்டும் வரட்டும் என்று இதைத் துணி இருக்கும் பக்கமே வைப்பதில்லை, சமையலறைக்குக் கொடுத்துவிட்டேன்.

11 அக்டோபர், சனி

தீபாவளிக்கு ஒன்பது நாள். 12 ஹேங்கர் விதியை மீறிவிட்டேன்.

அம்மாவோடு ஒன்றாக மரம் வெட்டிய பெரியம்மா ஒருவர், இரண்டு பேத்திகளோடு வந்தார். எப்படி இல்லை என்பேன்? பிறகு ஒருவர், பிறகு ஒருவர். 17 ஆனது. அதிகப்படி ஐந்தும் நாற்காலியில் குவிந்தன. அந்த நாற்காலியிலிருந்து ஒரு லைனிங் காணாமல் போய், புதிதாக வெட்டினேன், மறுநாள் வேறொரு பையில் கிடைத்தது. ஹேங்கரில் தொங்கிய 12-இல் ஒரு கொக்கிகூடக் காணாமல் போகவில்லை.

விதியை மாற்றப் போகிறேன். 10 பேருக்குத்தான் முன்கூட்டி ஒப்புக்கொள்வேன். இரண்டு ஹேங்கர் காலியாகவே தொங்கும், பெரியம்மா மாதிரி வருகிறவர்களுக்காக.

22 அக்டோபர், புதன்

எல்லோருக்கும் பிந்திய தீபாவளி வாழ்த்து. கடைசி ஜாக்கெட் 18-ஆம் தேதி இரவு போனது. பெரியம்மாவின் பேத்திகள் இருவரும் கோயிலுக்கு அதே பாவாடையில் வந்தார்கள், ஓரத் தையலை நான்தான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தைப்பிங் வாசகி ஆசாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய அலுவலக இரும்பு அலமாரி ஒன்றை 150 வெள்ளிக்கு எடுத்திருக்கிறார். இது சரியான வேலை. கையிருப்புக்கு அது போதும். பாதி வேலையை மட்டும் அதற்குள் விடாதீர்கள், அது வெளியே, கண்முன்னே தொங்கட்டும். கதவைக் கழற்றிவிடலாமா என்று கேட்டீர்கள். லாரிச் சாலை இல்லையென்றால் கழற்றுங்கள், எனக்கு அந்த வசதி இல்லை.

துணியை ஏற்றுமுன் கீழ்த்தட்டை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பாருங்கள். செம்மண் நிறத்தில் வந்தால் துரு இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்து இரண்டு கை பெயின்ட் அடித்து, வாடை போகும்வரை ஒரு வாரம் திறந்து போடுங்கள். பட்டில் பட்ட துருக்கறை போகாது.